பெயரிட்ட அடுக்களை: அமெரிக்கப் பயிர்கள் தமிழ் உணவில் கலந்த வரலாறும் சொற்சான்றும்

ஆய்வுச் சுருக்கம்

16ஆம் நூற்றாண்டு முதல் கடல்வழி வந்த மிளகாய், முந்திரி, மரவள்ளி, நிலக்கடலை, தக்காளி, உருளைக்கிழங்கு முதலிய அமெரிக்கப் பயிர்கள் இன்று தமிழர் அன்றாட உணவின் அடித்தளமாக உள்ளன. இவை கொல்லையிலும் அடுக்களையிலும் இடம்பெற்ற முறையைத் தமிழ்ப் பெயர்கள், வட்டார வழக்குகள், வழிபாட்டுச் சமையல் மரபு ஆகிய மூவகைச் சான்றுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. புதிய பயிரைத் தெரிந்த பயிரின் உறவாக்கிப் பெயரிடுவதே தமிழ் வழக்கின் முதன்மை நெறி என்பதும், அதனால் பழஞ்சொற்கள் பொருள் மாறியுள்ளன என்பதும், அம்மாற்றத்தைக் கருதாது பழைய நூல்களுக்குப் பொருள் கொள்வது பிழைக்கு இடந்தரும் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உணவு வரலாறு, மிளகாய், பெயராக்கம், வட்டார வழக்கு, பொருள் மாற்றம், வழிபாட்டுச் சமையல்

முன்னுரை

தமிழர் உணவு வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் சங்கப் பாடல்களையும் சோழர் காலக் கல்வெட்டுகளையுமே முதன்மைச் சான்றுகளாகக் கொள்கின்றனர். பெரும்பாணாற்றுப்படை, வெண்ணெயில் வெந்த மாதுளம் பிஞ்சுடன் மிளகுப் பொடியும் கறிவேப்பிலையும் கலந்த உணவையும் மாவடு ஊறுகாயையும் காட்டுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இறைவனுக்குரிய கறியமுதுக்கு மிளகு, கடுகு, சீரகம், புளி, உப்பு, நெய், தயிர் ஆகியவற்றை அளவிட்டு ஒதுக்குகின்றன. இவ்விரு சான்றுகளுக்கும் இடையே ஏறத்தாழ 800 ஆண்டுகள் கழிந்தபோதும் காரத்திற்குரிய பொருள் மிளகாகவே இருந்தது.

கடந்த 500 ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இதனினும் பெரிது. இன்றைய சாம்பார், இரசம், காரக்குழம்பு, துவையல், ஊறுகாய் ஆகியவற்றிலிருந்து அமெரிக்கப் பயிர்களை நீக்கினால் எஞ்சுவது மிகச் சிறிதே. ஆயினும் இம்மாற்றத்தை அரசாணையோ செப்பேடோ காவியமோ முறையாகப் பதிவு செய்யவில்லை. இதனை நிகழ்த்தியவர்கள் கொல்லையில் விதையிட்டவரும் சந்தையில் விற்றவரும் அடுக்களையில் சமைத்தவருமே ஆவர். எழுதி வைக்காத இம்மக்கள் விட்டுச்சென்ற ஆவணம், அவர்கள் பயிர்களுக்கு இட்ட பெயர்களே. அப்பெயர்களை வரலாற்றுச் சான்றாக வாசிக்கும் முயற்சியாக இக்கட்டுரை அமைகிறது.

1. கறி, மிளகு, மிளகாய்

காரப் பொருளைக் குறித்த சொற்களின் வரலாறு இவ்வாய்வுக்குத் தக்க தொடக்கமாகும். சங்க இலக்கியத்தில் மிளகைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று கறி. யவனர் கலங்கள் பொன்னொடு வந்து கறியொடு திரும்பும் முசிறித் துறையை அகநானூற்றின் 149ஆம் பாடல் காட்டுகிறது. அங்குக் கறி என்பது வணிகப் பண்டமான மிளகு. சோழர் கல்வெட்டுகளிலோ பொரிக்கறி, புளிங்கறி, கறியமுது எனச் சமைத்த தொடுகறியை அச்சொல் குறிக்கிறது. காரப் பொருள் மிளகு என்றே வழங்குகிறது. இன்றைய பேச்சுத் தமிழில் கறி என்பது இடத்திற்கேற்பச் சமைத்த காயையும் இறைச்சியையும் சுட்டும். சுவையூட்டும் பொருளின் பெயர் அச்சுவை ஏறிய உணவின் பெயராகவும், பின்னர் உணவுக்குரிய மூலப் பொருளின் பெயராகவும் விரிந்துள்ளது.

மிளகு என்னும் சொல் சந்தித்த மாற்றம் வேறு வகையானது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்ததும், 1510இல் கோவா போர்த்துக்கீசியர் வசமானதும், அட்லாண்டிக் கடல்வழியை இந்தியக் கரையோடு இணைத்தன. அவ்வழியே வந்த புதிய காரக்காய்க்குத் தமிழர் மிளகு, காய் என்னும் இரு பழஞ்சொற்களை இணைத்து மிளகாய் எனப் பெயரிட்டனர். காரத்தால் மிளகை ஒத்தது. ஆயினும் மணியாக அன்றிக் காயாக இருப்பது என்னும் ஒற்றுமையும் வேற்றுமையும் ஒரே சொல்லில் அடங்கின.

மலையாள வழக்கை இதனுடன் ஒப்பிடுதல் பயன்தரும். அங்கு முளகு என்னும் பழம்பெயரே மிளகாய்க்கு உரியதாயிற்று. பழைய மிளகு, குருமுளகு என்றும் நல்லமுளகு என்றும் அடைமொழி பெற வேண்டியதாயிற்று. கொச்சியில் ஆளுநராக இருந்த வான் ரீடின் முயற்சியால் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்ட்டுஸ் மலபாரிக்கஸ், மிளகாயினச் செடி ஒன்றைக் காப்போ மொளகோ என்னும் வடிவில் பதிந்துள்ளது. இது கப்பல் மிளகு என்பதன் ஐரோப்பிய எழுத்து வடிவமாகக் கொள்ளத்தக்கது. கப்பலில் வந்த பொருள் என்னும் நினைவு அன்று சொல்லிலேயே இருந்தது. பின்னர் அந்த அடைமொழி நீங்கியது. வந்த பொருள் வீட்டுப் பொருளாயிற்று. வீட்டுப் பொருளே அடைமொழி பெற்றது.

மலையாள வழக்கின் எல்லையில் அமைந்த குமரி மாவட்டத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் மிளகை நல்லமிளகு என்பர். எள்ளின் நெய்யே எண்ணெய். பிற வித்துகளின் நெய்களும் எண்ணெய் எனப்பட்ட பின் எள் நெய் நல்லெண்ணெய் ஆனது. நல்லமிளகு அதே நெறியில் பிறந்த சொல். ஒரு பழம்பொருள் அடைமொழி பெறுவது, அதன் இடத்தைப் புதுப்பொருள் ஒன்று பகிரத் தொடங்கியதற்குச் சான்றாகும்.

2. பெயரிடலின் நான்கு நெறிகள்

கடல்வழி வந்த உணவுப் பயிர்களின் தமிழ்ப் பெயர்களைத் தொகுத்து நோக்கின் நான்கு நெறிகள் புலனாகின்றன.

முதலாவது உறவாக்கல். மிளகாயைப் போலவே நிலக்கடலை கடலையின் உறவாக்கப்பட்டது. சர்க்கரைவள்ளி, மரவள்ளி ஆகிய இரண்டும், குறிஞ்சி நிலத்தில் அகழ்ந்துண்ட வள்ளிக்கிழங்கின் உறவாக்கப்பட்டன. தாவரவியல் நோக்கில் இம்மூன்று கிழங்குகளும் வெவ்வேறு குடும்பங்களைச் சார்ந்தவை. பெயரிட்டவர் பூவையும் விதையையும் நோக்கவில்லை. அகழ்வது, அவிப்பது, மாவுச்சத்தால் பசி தீர்ப்பது என்னும் பயன்பாட்டு ஒற்றுமையையே நோக்கினர். இவ்வகைப்பாடு அடுக்களையின் வகைப்பாடு ஆகும்.

இரண்டாவது வடிவம் சுட்டல். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு என்பன இவ்வகையின. மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்னும் வழக்கும், குச்சியை நட்டுப் பயிராக்கும் முறையைச் சுட்டுவதால், இதனோடு அடங்கும்.

மூன்றாவது வந்த வழியைச் சுட்டல். நிலக்கடலையைத் தென்னார்க்காட்டுப் பகுதியில் மணிலாக்கொட்டை என்றும், அதன் திரிபாக மல்லாட்டை என்றும் வழங்குவர். ஸ்பானியர் அமெரிக்காவோடு பசிபிக் கடல்வழியே இணைத்திருந்த மணிலாத் துறைமுகத்தின் பெயர், புதுச்சேரிவழி மார்சேய் நகருக்கு நிலக்கடலை ஏற்றுமதி செய்த ஒரு வட்டாரத்தின் உழவர் பேச்சில் நிலைத்துவிட்டது. மக்காச்சோளம் என்பதிலுள்ள அடைமொழியை அரபு வணிகத் தொடர்போடு இணைத்துக் காண்பர். பறங்கிக்காய் என்பதில் ஐரோப்பியரைக் குறித்த பறங்கி என்னும் சொல் வெளிப்படையாக உள்ளது. பறங்கிப்பேட்டை, பறங்கிமலை, பறங்கிப்பட்டை, பறங்கிப்புண் என ஊருக்கும் மலைக்கும் மருந்துக்கும் நோய்க்கும் அடைமொழியான அதே சொல், கொல்லையில் படர்ந்த கொடியின் காய்க்கும் அடைமொழியாயிற்று. இன்று அக்காயைப் பொங்கலன்று சமைப்போர் அப்பெயரில் அந்நியத்தை உணர்வதில்லை.

நான்காவது கடன்கொள்ளல். அன்னாசி, கொய்யா ஆகியவை போர்த்துக்கீசிய மொழியின் அனனாஸ், கொயாபா ஆகியவற்றின் வழிவந்தவை. தெரிந்த உறவு எதுவும் எளிதில் அமையாத கனிகளே பெரிதும் இந்நெறியில் அடங்குகின்றன என்பது கருதத்தக்கது. மிளகோடு ஒப்பிடக் காரமும் வள்ளியோடு ஒப்பிடக் கிழங்கும் இருந்தன. அன்னாசிக்கு அத்தகைய ஒப்புமை எளிதில் கிட்டவில்லை. எனவே உறவாக்கலே முதன்மை நெறி. அது இயலாத இடத்தில் கடன்கொள்ளல் நிகழ்ந்தது எனக் கொள்ளலாம்.

3. பெயர் கைமாறிய இடங்கள்

உறவாக்கலில் சில வேளைகளில் அடைமொழி மறைந்து, பழம்பெயர் முழுமையாகவே புதுப்பயிருக்குச் சென்றது. அன்றாட உணவில் இன்று நீங்கா இடம்பெற்ற தக்காளி இதற்குச் சிறந்த சான்றாகும். தக்காளி என்னும் சொல் அமெரிக்கத் தக்காளி வருமுன்பே தமிழில் இருந்தது. சிறுகனி தரும் உள்நாட்டுச் செடிகளை அது குறித்தது. சொடக்குத்தக்காளி, மணத்தக்காளி என்னும் பெயர்கள் அப்பழம்பொருளின் எச்சங்கள். புதிய கனி முதலில் சீமைத்தக்காளி எனப்பட்டது. சீமையெண்ணெய், சீமைச்சுண்ணாம்பு, சீமைக்கருவேலம் ஆகியவற்றில் அடைமொழி நிலைத்திருக்க, தக்காளியில் மட்டும் அது உதிர்ந்தது. அளவற்ற பயன்பாடே அதற்குக் காரணமாதல் வேண்டும். நாள்தோறும் வாங்கும் பொருளுக்கு நீண்ட பெயர் நிலைப்பதில்லை.

முந்திரியின் வரலாறும் இத்தகையது. முந்திரிகை என்பது திராட்சையைக் குறித்த சொல். முந்திரிப் பருப்பைத் தரும் மரம் பிரேசில் நாட்டுக் கரையிலிருந்து வந்தது. அதன் பெயரும் திராட்சையின் பெயரும் ஒன்றான பின், திராட்சையைக் கொடிமுந்திரி என வேறுபடுத்தும் நிலை உண்டாயிற்று. நாளடைவில் தமிழகத்தில் திராட்சை என்னும் வடசொல் வழிவந்த பெயர் கொடியின் கனிக்கும், முந்திரி மரத்தின் பருப்புக்கும் உரியவாயின.

4. கடலால் வேறுபட்ட வழக்குகள்

ஈழத் தமிழ் வழக்கை ஒப்பிடாது இவ்வரலாறு முழுமை பெறாது. யாழ்ப்பாணத்தில் முந்திரிகை இன்றும் திராட்சையையே குறிக்கும். பருப்புத் தரும் மரம் மரமுந்திரிகை எனப்படும். அதாவது தமிழகத்தில் நிகழ்ந்த பெயர்மாற்றம் அங்கு நிகழவில்லை. பழம்பொருள் பழம்பெயரைக் காத்துக்கொண்டது. புதுப்பொருளே அடைமொழி தாங்கியது. சோளத்தில் நிலைமை தலைகீழானது. தமிழகத்தில் சோளம் உள்நாட்டுத் தானியத்தையும் மக்காச்சோளம் அமெரிக்கத் தானியத்தையும் குறிக்க, இலங்கையில் சோளம் என்றாலே மக்காச்சோளம்தான்.

கடன்சொற்களும் இவ்வாறே வேறுபடுகின்றன. முட்டைக்கோசை யாழ்ப்பாணத்தார் கோவா என்பர். இது கோவெ என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்தது. தமிழகத்தில் ஆங்கில வழியில் பீன்ஸ் எனப்படும் காய், இலங்கையில் டச்சு மொழியின் போன்ட்யஸ் என்னும் சொல்வழிப் போஞ்சி ஆனது. யாழ்ப்பாணம் 1619இல் போர்த்துக்கீசியர் ஆட்சிக்கும் 1658இல் டச்சுக்காரர் ஆட்சிக்கும் உட்பட்டது. இவ்வாட்சி அடுக்குகள் காய்கறிக் கூடையிலும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. ஒரே செடிக்கு வழங்கும் பெயரை நோக்கி, அது எவர் காலத்தில் எவ்வழியில் ஒரு வட்டாரத்தின் சந்தைக்கு அறிமுகமாயிற்று என ஊகிக்கும் வாய்ப்பை இது தருகிறது.

5. வழிபாட்டு அடுக்களை

சொற்சான்றைச் சரிபார்க்க மற்றொரு சான்று உண்டு. முன்னோர்க்குச் செய்யும் திவசச் சமையலிலும் பல கோயில் மடைப்பள்ளிகளிலும் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு முதலியன விலக்கப்படுகின்றன. விலக்குப் பட்டியல் குடும்பத்திற்கும் கோயிலுக்கும் ஏற்ப மாறினும், வாழைக்காய், பாகல், புடல், அவரை, சேனை, பிரண்டை, மிளகு, சீரகம் ஆகியவை ஏற்கப்பட்டவையாகத் தொடர்கின்றன. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் இட்லியில் மிளகும் சீரகமும் சுக்குமே சேர்கின்றன. பழைய சாத்திர நூல்கள் தமக்கு அறிமுகமற்ற மிளகாயைப் பெயர் சுட்டி விலக்கியிருக்க இயலாது. ஆகவே இவ்விலக்கு நூல்வழி வந்த தடையன்று. பயிர்கள் வந்த காலத்தில் அவற்றைப் புதியவை என அறிந்தவர்கள் ஏற்படுத்திய வழக்கம். அவ்வகையில் திவசச் சமையல், 16ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட உணவின் சாயலை ஓரளவு காத்து நிற்கிறது.

ஆயினும் அதனை மாறாத பழமையாகக் கொள்ளுதல் பொருந்தாது. கோயிலில் படைக்கும் சர்க்கரைப் பொங்கலிலும் திருப்பதி லட்டுவிலும் முந்திரிப் பருப்பு உண்டு. அதுவும் மிளகாய் வந்த அதே கடல்வழியே வந்த பொருள்தான். வெண்பொங்கலில் மிளகும் முந்திரியும் அருகருகே உள்ளன, மிளகாய் இல்லை. இவ்வேறுபாட்டிற்கான விளக்கத்தைப் பொருள்களின் பயன்பாட்டில் தேடலாம். மிளகாய் நுழைய வேண்டிய இடத்தில் மிளகு முன்பே வீற்றிருந்தது. சடங்கு நிலையில் அதன் இடம் உறுதியாக இருந்தது. முந்திரிப் பருப்புக்கு அத்தகைய போட்டிப் பொருள் இல்லை. நெய்யில் வறுத்துச் சேர்க்கும் கூடுதல் செழுமையாக அது நுழைந்தது. புதுமை என்பது மட்டுமே விலக்குக்குக் காரணமன்று. பழம்பொருளை இடம்பெயர்க்கும் புதுமையே தடுக்கப்பட்டது எனலாம்.

6. கொல்லை, மலைத்தோட்டம், உணவகம்

19ஆம் நூற்றாண்டில் காய்கறிகளின் இரண்டாம் வருகை நிகழ்ந்தது. 1819இல் நீலகிரிக்கு ஏறிய கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன், உதகையில் உருளைக்கிழங்கையும் ஐரோப்பியக் காய்கறிகளையும் பயிரிடுவதை ஊக்குவித்தார். 1848 அளவில் உருப்பெற்ற உதகை அரசுத் தாவரவியல் பூங்காவின் முன்னோடியும், அங்குக் குடியேறிய ஐரோப்பியருக்குக் காய்கறி வழங்க அமைந்த தோட்டமே ஆகும். மலையிலிருந்து சமவெளிச் சந்தைக்கு இறங்கிய கோசு, கேரட், பீட்ரூட், பீன்ஸ் ஆகியவற்றை மக்கள் இங்கிலீஷ் காய் என்றனர்; கத்தரி, வெண்டை, அவரை முதலியன நாட்டுக்காய் எனப்பட்டன. முந்தைய வருகையில் வந்த பறங்கி, இந்தப் புதிய பிரிவில் நாட்டுக்காய்களோடு சேர்ந்துவிட்டது. ஆகவே நாட்டு என்னும் அடைமொழி பிறப்பிடத்தைக் குறிப்பதன்று. புதிதாக ஒன்று வந்தபோது முன்பே வீட்டிலிருந்தது எது என்பதையே குறிக்கிறது.

குமரிப் பகுதியில் மரவள்ளியின் பரவலுக்குக் காரணம் பஞ்சமும் பற்றாக்குறையுமே. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதன் பயிரிடலை ஊக்குவித்தார். 1942இல் பர்மா சப்பானியர் வசமாகி அரிசி வரவு தடைப்பட்டபோது, அரிசிக்கு இறக்குமதியைச் சார்ந்திருந்த திருவிதாங்கூரில் எளிய மக்களின் உயிர்காத்த உணவு அதுவே. அன்று அவ்வரசின் பகுதியாக இருந்து 1956இல் தமிழகத்தோடு இணைந்த வட்டங்களில், மரச்சீனி என்னும் பெயரோடு மீனுக்குத் துணையாக அது இன்றும் தொடர்கிறது. விருப்ப உணவாக இன்று பேசப்படும் பலவற்றின் தொடக்கம் வறுமையின் கட்டாயமாக இருந்தமைக்கு இது சான்று.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னையில் உடுப்பி உணவகங்கள் பரவின; கே. கிருஷ்ண ராவ் 1938இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் அவற்றுள் புகழ்பெற்றது. ஆசாரம் பேணும் சமூகத்தார் நடத்திய இவ்வகை உணவகங்களில், திவசத்தில் விலக்கப்பட்ட உருளைக்கிழங்கு மசாலா தோசையின் உள்ளீடாகவும் பூரியின் துணையாகவும் சிறப்பிடம் பெற்றது. சடங்கு அடுக்களையும் வணிக அடுக்களையும் ஒரே சமூகத்தின் கையில் இருவேறு விதிகளோடு இயங்கின. உணவக மேசையில் பூரிக்கிழங்கு என்ற அளவில், கிழங்கு என்னும் பொதுப்பெயரே உருளைக்கிழங்குக்கு உரியதாயிற்று. கருணை, சேனை, சேம்பு, வள்ளி எனப் பலவற்றுக்கும் பொதுவாக இருந்த சொல்லை, வந்து இரு நூற்றாண்டுகளே ஆன கிழங்கு தனதாக்கிக்கொண்டது.

7. பதிப்புக்கும் காலக்கணிப்புக்கும் பயன்

மேற்கண்ட பொருள் மாற்றங்கள் நூலாய்வோருக்கு இரு வகையில் பயன்படும். முதலாவது பொருள்கோள். மருத்துவச் சுவடியில் வரும் தக்காளியை அமெரிக்கத் தக்காளி எனவும், பழைய பாடலின் முந்திரிகையை முந்திரி மரம் எனவும், சங்கப் பாடலின் கறியை இறைச்சி எனவும் இன்றைய வழக்கால் பொருள் கொண்டால், நூலாசிரியர் அறியாத பொருளை அவர் வாயில் இடுவதாக முடியும். மருத்துவ நூலில் இப்பிழை அச்சேறினால் மருந்தே மாறிவிடும் இடர் உண்டு. ஈழத்து நூல்களில் சோளம், முந்திரிகை என்னும் சொற்களைத் தமிழக வழக்கால் வாசிப்பதும் இத்தகைய பிழையே.

இரண்டாவது காலக்கணிப்பு. பழஞ்சித்தர் பெயரில் வழங்கும் ஒரு நூலில் மிளகாயோ, பறங்கிப்பட்டையோ, பறங்கிப்புண்ணோ இடம்பெறின் அப்பகுதியை 16ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாகக் கொள்ளுதல் அரிது. ஆயினும் இச்சான்றை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். ஏடெழுதுவோர் காலத்திற்கேற்பச் சரக்குகளைச் சேர்ப்பது மருத்துவ மரபில் இயல்பு. எனவே ஒரு சொல்லைக் கொண்டு முழு நூலின் காலத்தையும் முடிவு செய்தல் தகாது. அச்சொல் எல்லாப் படிகளிலும் உள்ளதா, யாப்பில் பிரிக்கவொண்ணாது அமைந்துள்ளதா என்பவற்றை ஆராய்ந்தே முடிவுக்கு வருதல் வேண்டும். தாவரப் பெயர்களுக்கு உரிய வட்டாரமும் காலமும் குறித்த அகரமுதலி ஒன்று இப்பணிக்கு இன்றியமையாதது.

முடிவுரை

அமெரிக்கப் பயிர்களைத் தமிழ்ச் சமூகம் பெயரளவில் பெரிதும் கடன்கொள்ளவில்லை. தனக்குத் தெரிந்த பயிர்களின் உறவாக்கி ஏற்றுக்கொண்டது. மிளகாய், நிலக்கடலை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, தக்காளி, முந்திரி ஆகிய பெயர்கள் அதனைக் காட்டுகின்றன. உறவாக்கலின் விளைவாகப் பழஞ்சொற்கள் சில கைமாறின. சில அடைமொழி பெற்றன. அம்மாற்றம் தமிழகத்திலும் குமரியிலும் ஈழத்திலும் ஒரே வகையில் நிகழவில்லை. வழிபாட்டுச் சமையல் பழைய எல்லையைக் காட்டினும், முந்திரியை ஏற்றதன்வழித் தானும் மாறியுள்ளது.

பாரம்பரிய உணவு, நாட்டுக் காய்கறி என்னும் தொடர்கள் ஆய்விலும் பொதுவழக்கிலும் மிகுதியாக வழங்கும் இக்காலத்தில், அவற்றைப் பிறப்பிடச் சான்றாகக் கொள்ளாது, ஒரு வட்டாரம் ஒரு பயிரைத் தனதாக்கிய காலத்தின் சான்றாகக் கொள்ளுதல் தகும். ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. கடல்கடந்து வந்த காய் ஒன்று, ஒரு மண்ணின் அடையாளமாகச் சட்ட ஏற்பு பெறும் அளவுக்கு அதனை வளர்த்தெடுத்தவர்கள் அம்மண்ணின் உழவர்களே. அவர்களும் அவர்தம் அடுக்களையில் சமைத்த பெண்களும் இட்ட பெயர்களை வட்டாரம்தோறும் தொகுப்பது, தமிழர் உணவு வரலாற்றில் அடுத்து மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.